ஊரையே பின்னோக்கி ஓட்டிய கேமரா

2016 ஜனவரியிலிருந்து அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்கு மேலே ஒரு சின்ன செஸ்னா விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. சுமார் 8,000 அடி உயரம். கீழே நடப்பவர் அண்ணாந்து பார்த்திருந்தாலும், யாரோ பணக்காரர் விமானம் ஓட்டிப் பழகுகிறார் என்றுதான் நினைத்திருப்பார். அதன் வயிற்றில் பல கேமராக்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு தொகுப்பு இருந்தது. நொடிக்கு ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் சுமார் 30 சதுர மைல், அதாவது கிட்டத்தட்ட 78 சதுர கிலோமீட்டர் அடங்கும்.

எடுத்த படம் உடனுக்குடன் கீழே இறங்கிவிடும். நகரத்தின் நடுவில், வண்டிகள் நிறுத்தும் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்த அலுவலகத்தில் ஆட்கள் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். வாசல் கதவில் ‘சமூக ஆதரவுத் திட்டம்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரேஷன் கார்டு விவரம் கேட்க யாராவது கதவைத் தட்டியிருந்தால்கூட ஆச்சரியப்பட முடியாது.

நகர மன்ற உறுப்பினர்களுக்கு இது தெரியாது. அரசு வழக்கறிஞர்களுக்குத் தெரியாது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாடும் அரசு வக்கீல்களுக்கும் தெரியாது. போலீஸுக்குத் தெரியும். விமானத்தை ஓட்டிய கம்பெனிக்குத் தெரியும். பணம் கொடுத்த டெக்சஸ் மாநிலத்துத் தம்பதி ஜான் ஆர்னால்டு, லாரா ஆர்னால்டுக்குத் தெரியும். அவர்கள் தந்த 3,60,000 டாலர் ஓர் அறக்கட்டளை வழியாக வந்ததால் நகரத்தின் வரவுசெலவுக் கணக்கை அது தொடவே இல்லை. கணக்கில் வராத செலவைப் பற்றி மன்றத்தில் யார் கேள்வி கேட்பது?

இந்தக் கேமரா பால்டிமோருக்கு வந்து சேர்ந்த பாதை நீளமானது. அதன் பூர்வீகம் ஒரு சினிமாக் கொட்டகையில் தொடங்குகிறது என்கிறார் ஆர்தர் ஹாலண்ட் மிஷெல். இவ்வகைக் கேமராக்களின் வரலாற்றை 2019இல் புத்தகமாக எழுதியவர் அவர். 1998இல் ‘எனிமி ஆஃப் த ஸ்டேட்’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. வில் ஸ்மித்தை அரசாங்கச் செயற்கைக்கோள் ஒன்று தெருத்தெருவாகத் துரத்தும். அதைப் பார்த்துப் பார்வையாளர்கள் பயப்பட வேண்டும் என்பது இயக்குநரின் எண்ணம். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தோடு தொடர்புள்ள ஒரு பொறியாளருக்கோ ஆசை வந்துவிட்டது. இப்படி ஒன்றை நாம் ஏன் செய்யக் கூடாது? எச்சரிக்கையாக எடுத்த படத்தைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டார் மனுஷன்.

செயற்கைக்கோள் ஓர் இடத்தின் மேல் அசையாமல் நின்று தெருவைப் பார்க்க முடியாது. விமானத்தால் வட்டமிட முடியும். அதனால் வேலை விமானத்தின் பக்கம் திரும்பியது. சரியான நேரத்தில் ஈராக் போரும் வந்து சேர்ந்தது. அங்கே அமெரிக்கச் சிப்பாய்களை அதிகம் கொன்றது சாலையோரம் புதைத்த வெடிகுண்டு. குண்டு வெடித்த பிறகு அதை வைத்தவனைத் தேடி என்ன பயன், அவன் போய் மணிக்கணக்கு ஆகியிருக்கும். நகரம் முழுவதையும் நொடிக்கு நொடி படம் பிடித்து வைத்திருந்தால்? வெடித்த இடத்துக்குப் போய்ப் படத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். குழி தோண்டிய ஆள் பின்பக்கமாக நடந்து வண்டியில் ஏறுவான், வண்டி பின்பக்கமாக ஓடிப் புறப்பட்ட வீட்டுக்கே போய் நிற்கும். அந்த வீட்டின் கதவைத்தான் ராணுவத்துக்குத் தட்ட வேண்டியிருந்தது.

‘கான்ஸ்டன்ட் ஹாக்’, ‘ஏஞ்சல் ஃபயர்’, பின்னாளில் ‘கார்கன் ஸ்டேர்’ என்று இந்த வம்சத்தில் பல பிள்ளைகள். கிரேக்கப் புராணத்தில் கார்கனின் பார்வை பட்டவர் கல்லாகிவிடுவார். ராணுவத்தில் பெயர் வைப்பவர்களுக்குக் கூச்சம் கிடையாது. இவற்றுள் ‘ஏஞ்சல் ஃபயர்’ 2007இல் ஈராக்கில் பறந்தது. அதை உருவாக்கிய குழுவை நடத்தியவர் விமானப்படை அதிகாரி ராஸ் மக்நட். ஒஹையோ மாநிலம் டேட்டன் ஊரில் உள்ள விமானப்படைத் தொழில்நுட்பக் கழகம் அவர் களம். பிறகு ராணுவத்தை விட்டு வெளியே வந்து ‘பெர்சிஸ்டன்ட் சர்வெய்லன்ஸ் சிஸ்டம்ஸ்’ என்று சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். குண்டு வைத்தவனைப் பிடித்த கருவியால் கொலைகாரனையும் திருடனையும் பிடிக்க முடியாதா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஈராக்கில் அங்கிருந்த மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்பதும் கருவியோடு சேர்ந்தே ஊருக்கு வந்தது.

2009இல் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். போதைக் கும்பல்கள் ஆளை ஆள் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த நகரம். கேமரா அங்கே வேலை பார்த்தது. 2012இல் கலிஃபோர்னியாவின் காம்ப்டன். அங்கே அது துரத்திய குற்றங்களில் ஒன்று சங்கிலிப் பறிப்பு! வெடிகுண்டுக்காகப் பிறந்த கருவி ஐந்தே வருடத்தில் கழுத்துச் சங்கிலிக்கு வந்துவிட்டது. காம்ப்டன் மக்களுக்கு மாவட்ட ஷெரிஃப் அலுவலகம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பத்திரிகைச் செய்தியாக வெளிவந்தபோது, சொன்னால் ஆட்சேபிப்பார்கள் என்பதால்தான் சொல்லவில்லை என்று அந்தத் துறையின் அதிகாரி ஒருவரே ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார்.

டேட்டனில் மட்டும் கதை மாறியது. மக்நட்டின் கம்பெனி இருந்த பகுதி. 2013இல் அந்த நகர நிர்வாகம் ஒரு காரியம் செய்தது: ஊர் மக்களைக் கூப்பிட்டு, இப்படி ஒரு விமானம் விடலாமா என்று வெளிப்படையாகக் கேட்டது. வேண்டாம் என்றார்கள். கைவிட்டார்கள். கேட்காத ஊரில் பறந்த கேமரா, கேட்ட ஊரில் தரையிலேயே நின்றது. இந்தக் கருவியின் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நிறுத்தம் டேட்டன்தான், அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதாலேயே.

இனி அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இதில் முகம் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது, கறுப்பா வெளுப்பா தெரியாது, கையில் இருப்பது துப்பாக்கியா குடையா தெரியாது. ஒரு மனிதன் என்றால் ஒரு பிக்சல். சாம்பல் நிறத் தெருவில் நகரும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். மரநிழலுக்குள் போனால் அந்தப் புள்ளியும் மறைந்துவிடும். கம்பெனி எங்கே போனாலும் இதைத்தான் கேடயமாகப் பிடித்தது. ‘வெறும் புள்ளிதானே, இதில் யாருடைய அந்தரங்கம் போகிறது?’

கோலம் போடுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். வாசலில் மாவால் வைத்த ஒற்றைப் புள்ளிக்கு அர்த்தம் இல்லை. பதினைந்து வரிசை வைத்து, எது எதோடு சேரும் என்று கோடு இழுத்தால் தாமரையா தேரா என்று தெரிந்துவிடும். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் புள்ளி, ஒரு மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் நின்று, பிறகு ஒரு வக்கீல் அலுவலகம், அங்கிருந்து ஒரு தேவாலயம், சாயங்காலம் அதே வீடு. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதை அறிய வானத்துக்குப் போக வேண்டியதில்லை, வரி ரசீது போதும். தெருமுனைக் கேமராவும் நம்பர்பிளேட் படிக்கும் கருவியும் அந்தப் புள்ளிக்கு முகம் வரைந்துவிடும்.

இதையெல்லாம் சட்டம் ஏன் முன்னமே தடுக்கவில்லை? அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனையிலிருந்து ஆளையும் வீட்டையும் காக்கிறது. போலீஸ் உள்ளே வர வேண்டுமானால் பொதுவாக நீதிபதியிடம் வாரன்ட் வாங்க வேண்டும். ஆனால் வானம் வீட்டுக்கு உள்ளா, வெளியா? கலிஃபோர்னியாவில் சிராவ்லோ என்பவர் கொல்லையில் கஞ்சா வளர்த்தார். சுற்றிலும் வெளியே 6 அடி வேலி, உள்ளே 10 அடி வேலி. போலீஸ் ஒரு விமானத்தை எடுத்துக்கொண்டு 1,000 அடி உயரத்தில் பறந்து, மேலேயிருந்து பார்த்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: பொதுமக்கள் பறக்கக்கூடிய உயரத்தில் போலீஸும் பறக்கலாம், கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்க வாரன்ட் வேண்டாம்.

நம் ஊர் மொட்டைமாடியில் வடகம் காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும், கைப்பிடிச் சுவர் அடுத்த வீட்டுக்காரருக்காகக் கட்டியது, காக்கைக்காக அல்ல. காக்கை பார்க்கிறதே என்று யாரும் மாடிக்குப் போகாமல் இருப்பதில்லை. நீதிமன்றம் போலீஸைக் கிட்டத்தட்டக் காக்கையின் இடத்தில் வைத்துப் பார்த்தது.

அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பு, ‘டோ கெமிக்கல்’ ஆலையைச் சுற்றுச்சூழல் துறை விமானத்திலிருந்து நில அளவைக் கேமராவால் படம் பிடித்ததும் சரியே என்றது. 1989இல் ஃப்ளோரிடாவில் கூரைத் தகடு இரண்டு இல்லாத ஒரு செடிக்கூடத்தை ஹெலிகாப்டரில் 400 அடிக்கு இறங்கி எட்டிப் பார்த்ததும் தப்பில்லை என்றாயிற்று. இந்தத் தீர்ப்புகள் எல்லாம் கண்ணைப் பற்றிய தீர்ப்புகள். எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாய், எதை வைத்துப் பார்த்தாய் என்பதே அவற்றின் கேள்வி. அந்த விமானங்களில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் பார்த்தார், குறித்துக்கொண்டார், வீட்டுக்குப் போனார். அன்று அந்தத் தெருவில் நடந்த மற்ற ஆயிரம் பேர் அவர் நினைவில் இல்லை. செஸ்னாவின் கேமரா எதையும் மறப்பதில்லை. யாரைத் தேட வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே எல்லாரையும் எடுத்து வைத்துக்கொள்கிறது.

ஞாபகத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் வாய் திறக்க 2018 ஆனது. டெட்ராய்ட் பகுதியில் செல்போன் கடைகளைக் கொள்ளையடித்த வழக்கில் கார்பென்டர் என்பவரின் போன் எந்தெந்தக் கோபுரத்தோடு பேசியது என்ற 127 நாள் விவரத்தை அரசுத் தரப்பு வாரன்ட் இல்லாமல் வாங்கியிருந்தது. அது செல்லாது என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். தெருவில் நடப்பது ஊருக்குத் தெரியும் என்றாலும், மாதக்கணக்கில் நடந்த நடையெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது வேறு சரக்கு. போன வாரம் போன இடத்துக்கு இன்று போய் வேவு பார்க்க எந்தக் காவலராலும் முடியாது. பழைய பதிவு இருந்தால் முடியும். அது விமானத்தைப் பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் பால்டிமோரில் பின்னால் வரவிருந்த வழக்குக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பால்டிமோருக்குத் திரும்புவோம். 2015 ஏப்ரலில் ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் காவலில் காயமடைந்து இறந்தார். நகரம் கொதித்தது. அப்போதே வானில் இனம் தெரியாத விமானங்கள் சுற்றுவதை ஊர்க்காரர்கள் இணையத்தில் கண்டுபிடித்துக் கேள்வி கேட்டார்கள், எஃப்.பி.ஐ.யின் விமானங்கள் என்று பிறகு தெரிந்தது. அதே ஊரில்தான் அடுத்த ஆண்டே செஸ்னா. 2016 ஆகஸ்டில் ‘புளூம்பெர்க் பிசினஸ்வீக்’ இதழில் மான்டி ரீல் எழுதிய கட்டுரை வெளிவந்த அன்றைக்குத்தான் பால்டிமோர் மக்கள் தங்கள் தலைக்கு மேல் என்ன இருந்தது என்று அறிந்தார்கள். கூச்சல் எழுந்தது, விமானம் இறங்கியது.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை, ஏனென்றால் கொலைகளும் முடியவில்லை. சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் நகரத்தில் 2019இல் 348 கொலைகள். விமானம் திரும்ப வரட்டும் என்று சொன்னவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை ஏளனம் செய்வது வெளியூரில் உட்கார்ந்து எழுதுகிற நமக்குச் சுலபம். அதே நேரம், விமானத்தை எதிர்த்துப் பின்னர் வழக்குப் போட்டவர்களில் ஒருவர் எரிக்கா பிரிட்ஜ்ஃபோர்டு. நகரத்தில் துப்பாக்கிச் சத்தம் ஓயட்டும் என்று ‘சீஸ்ஃபயர்’ இயக்கத்தைத் தொடங்கி நடத்தியவர். கொலையை நிறுத்தத் தெருவில் நின்ற பெண்ணே தெருவை வானிலிருந்து பதிவு செய்யாதே என்றும் கேட்டார்.

விமானத்தை மறுபடி கொண்டுவர முடிவானது. இந்த முறை போலீஸ் மறைக்கவில்லை. கமிஷனர் மைக்கேல் ஹாரிசன் பொதுக்கூட்டம் நடத்தினார், ஒப்பந்தத்தில் கட்டுப்பாடுகளை எழுதி வைத்தார். பகலில் மட்டுமே பறக்கும். கொலை, துப்பாக்கிச் சூடு, ஆயுதக் கொள்ளை, காரைப் பறித்தல் ஆகிய குற்றங்களுக்கு மட்டுமே பார்ப்பார்கள். கிட்டத்தில் இழுத்துப் பார்க்க லென்ஸ் கிடையாது. வழக்குக்குத் தேவைப்படாத படங்கள் 45 நாளில் அழியும். குற்றம் நடந்த 18 மணி நேரத்துக்குள் முதல் தகவல், 72 மணி நேரத்துக்குள் முழு அறிக்கை துப்பறிவாளர் மேஜைக்கு வரும். செலவு 37 லட்சம் டாலர், மறுபடி ஆர்னால்டு தம்பதியின் பணம். 2020 மே 1 தொடங்கி ஆறு மாதம், மூன்று விமானங்கள், நகரத்தின் சுமார் 90 விழுக்காட்டுப் பரப்பு.

விதிகளைப் படித்தால் நல்ல விதிகளாகத்தான் தெரிகின்றன. எனக்கு ஒரே ஒரு இடத்தில் இடறுகிறது. இவை பார்ப்பதற்கான விதிகள். எடுப்பதற்கு விதி எதுவும் இல்லை. கொலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் எல்லாரும் எடுக்கப்படுவார்கள். அலமாரியைப் பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று எழுதியிருக்கிறார்கள்; ஊராருடைய பொருள்கள் அலமாரிக்குள் எப்படி வந்தன என்ற பேச்சு இல்லை. சாவியும் எந்த நீதிபதியிடமும் இல்லை, போலீஸிடமே இருந்தது.

விமானம் கிளம்புமுன்பே வழக்கு வந்துவிட்டது. ‘லீடர்ஸ் ஆஃப் எ பியூட்டிஃபுல் ஸ்ட்ரகிள்’ என்ற பால்டிமோரின் கறுப்பின அமைப்பும், பிரிட்ஜ்ஃபோர்டும், இன்னொருவரும் மனுதாரர்கள். வாதாடியது ஏ.சி.எல்.யு. என்ற குடிமை உரிமை அமைப்பு. ஏப்ரல் 24 அன்று மாவட்ட நீதிபதி ரிச்சர்ட் பென்னெட் தடை கொடுக்க மறுத்தார்; வெறும் புள்ளிகள், பழைய விமானத் தீர்ப்புகள் போதும் என்றார். நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வும் இரண்டுக்கு ஒன்று என்று அதையே சொன்னது. எழுதியவர் ஹார்வி வில்கின்சன். மாறுபட்டு நின்ற அந்த ஒருவர், அந்த நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி ராஜர் கிரெகரி.

முழு அமர்வு வழக்கை மறுபடி எடுத்தது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. ஆறு மாத ஓட்டம் முடிந்திருந்தது. புதிய மேயர் பிராண்டன் ஸ்காட் வந்திருந்தார். 2021 பிப்ரவரியில் நகரத்தின் செலவுகளை முடிவு செய்யும் வாரியம் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. நகரத்தின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் சொன்னது இதுதான்: விமானம் இல்லை, திட்டம் இல்லை, படங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டோம், இனி வழக்கே இல்லை.

பெரும்பாலானவற்றை. அந்தச் சொல்லில்தான் வழக்கு உயிரோடு இருந்தது. 1,868 மணி நேரம் எடுத்ததில் 264 மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமான படங்கள் மிச்சம் இருந்தன, சுமார் 14 விழுக்காடு. 200 வழக்குகளுக்காக வைத்திருந்தார்கள். மிச்சம் இருப்பதை போலீஸ் இன்றும் திறந்து பார்க்க முடியும் என்றால் வழக்கு முடியவில்லை என்றது நீதிமன்றம்.

2021 ஜூன் 24 அன்று தீர்ப்பு வந்தது. இந்த முறை பெரும்பான்மைக்காக எழுதியவர் கிரெகரி. மாறுபட்டு எழுதியவர் வில்கின்சன். ஏழு மாதத்தில் இருவரும் நாற்காலி மாறி உட்கார்ந்துவிட்டார்கள். கார்பென்டர் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிரெகரி சொன்னதன் சாரம்: இரவில் விமானம் பறக்காததால் புள்ளியின் தடம் அறுபடுகிறது என்கிறீர்கள். ஆனால் மனிதர்கள் இரவில் வீட்டுக்குத்தான் போகிறார்கள், காலையில் அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். புள்ளி யார் என்று சொல்ல அந்தப் பழக்கமே போதும். ஊர் முழுவதன் நடமாட்டத்தையும் இப்படிச் சேர்த்து வைத்து, வாரன்ட் இல்லாமல் போலீஸ் அதைத் திறந்து பார்ப்பது நான்காவது திருத்தத்தை மீறும் சோதனை. வில்கின்சனின் மறுப்பும் சாதாரண மறுப்பு அல்ல. செத்துக்கொண்டிருக்கும் ஒரு நகரம் தானே தேடிக்கொண்ட வழியை நீதிபதிகள் அடைக்கிறார்கள் என்ற கோபம் அதில் இருந்தது.

மிச்சம் வைத்த படங்களின் எண்ணிக்கை 66 லட்சத்துக்கும் மேல். கேமராவுக்குக் குற்றம் நடந்த தெருவை மட்டும் கத்தரித்து எடுக்கத் தெரியாது. 200 வழக்குகளுக்காக வைத்த படங்கள் என்றாலும், அந்த மணித்துளிகளில் பால்டிமோரில் பஸ்ஸுக்கு நின்றவர், நாயை நடத்திப் போனவர், யாருக்கும் சொல்லாமல் யாரையோ பார்க்கப் போனவர் எல்லாரும் அந்தப் படங்களில் இருந்தார்கள், ஆளுக்கு ஒரு புள்ளியாக.